ரூபனின் உயரம்

ஜூலை 29, கிரோனா

முழங்கால்: வலது, உள்பக்கம். மேடு ஏறும்போது மட்டும்.

வலியை ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கச் சொன்னவர் எங்கள் சைக்கிள் அணியின் வைத்தியர். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. பேருந்திலும் ஹோட்டலிலும் யாராவது எடுத்துப் புரட்டுவார்கள் என்பதால் தமிழில் எழுதுகிறேன். பேர்னில் சனிக்கிழமைகளில் அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு பயன் கிடைத்திருக்கிறது. வலியைத் தவிர மற்றவையும் இதற்குள் வந்துவிடுகின்றன.

வலிக்குக் காரணம் தெரிந்ததுதான். என் சைக்கிளின் சீட் என் காலுக்கு ஏற்ற உயரத்தில் இல்லை. ரூபனின் காலுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கிறது. எங்கள் அணியின் தலைவன் அவன். ஓட்டத்தின் நடுவே அவனுடைய சைக்கிள் பழுதானால், பின்னால் வரும் கார் வந்து சேரும்வரை அவன் நிற்க முடியாது. நான் இறங்கி என்னுடையதைக் கொடுப்பேன், அவன் ஏறிப் போவான். உடலளவில் அவனுக்கு மிக நெருக்கமானவன் நான் என்பதால்தான் நான்கு வருடத்துக்கு முன் என்னை எடுத்தார்கள். அவனுக்குக் காற்றை மறைப்பது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் மற்றவர்களும் செய்வார்கள். சைக்கிளைக் கொடுக்க என்னால்தான் முடியும்.

இன்று கடற்கரைப் பாதையில் ரூபனும் நானும் பயிற்சிக்குச் சைக்கிள் ஓடினோம். அணியை விட்டுப் போகிறேன் என்றான். ஓகஸ்ட் முதலாம் திகதிக்கு முன்னர் வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. பெரிய அணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே, "உன்னைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்" என்றான். பிறகு தண்ணீர் குடித்தான்.

தலைவன் அணி மாறும்போது தனியாகப் போவதில்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போவான். எல்லா அணியிலும் இதுதான் நடைமுறை. என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. எனக்கு முப்பத்திரண்டு வயது. அதனால் அந்த ஒரு வசனம் போதும்.

ஓகஸ்ட் 1, கிரோனா

முழங்கால் பரவாயில்லை.

காலை பத்து மணிக்குச் செய்தி வந்துவிட்டது. ரூபனின் புகைப்படம், புது அணியின் பெயர், மூன்று வருடம். மதியம் அக்கா பேர்னிலிருந்து தொலைபேசி எடுத்தாள். எங்கள் வீட்டில் ரூபனைப் பெல்ஜியக்காரனாக யாரும் நினைப்பதில்லை. அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது அப்பா, எந்த ஊர்ப் பெடியன் என்றுதான் விசாரித்தார்.

"அப்பா கேக்கிறார், நீயும் ரூபனோட போறியோ எண்டு."

"ஓம் எண்டு சொல்லு."

"ஓம் எண்டு சொல்லு எண்டால்? போறியோ, இல்லையோ?"

"போறன்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. யாருக்கோ உடனே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் 5, கிரோனா

உடுப்புத் தோய்த்தேன். எனக்காக ஒப்பந்தம் பேசும் முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது.

ஓகஸ்ட் 10, அந்தோரா

உயர்ந்த மலையில் பயிற்சி முகாம். மூச்சு வாங்குகிறது. முழங்கால் அமைதி.

நான்கு வருடமாக ரூபனும் நானும் ஒரே அறையில்தான் தங்கினோம். யன்னல் பக்கக் கட்டில் அவனுக்கு, கதவுப் பக்கக் கட்டில் எனக்கு. இந்த முறை அவனுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். இருமல் என்றான், எனக்குத் தொற்றக் கூடாதாம். நல்ல யோசனைதான். சாப்பாட்டு மேசையிலும் மலையிலும் அவன் இருமி நான் கேட்கவில்லை. இரவில் இருமுவான் போலிருக்கிறது.

எனக்கும் ஒரு முழு அறை. இரண்டு கட்டில். எப்போதும்போலக் கதவுப் பக்கம் படுத்தேன்.

ஓகஸ்ட் 14, அந்தோரா

மாலையில் தெயரி தன் அறைக்குக் கூப்பிட்டார். அணியின் இயக்குநர். ஓட்டத்தில் காரில் இருந்துகொண்டு ரேடியோவில் எங்களுக்குக் கட்டளை கொடுப்பவர். பெரும்பாலும் அவரே பேசினார். இந்த முறை மூன்று வார ஸ்பெயின் சுற்றில் இரண்டு தலைவர்கள். ரூபன் ஒருவன். மற்றவன் மிக்கெல் என்ற டென்மார்க்குக்காரன், இருபத்திரண்டு வயது. அடுத்த வருடம் இந்த அணி அவனுடையது. யார் முன்னுக்கு நிற்கிறானோ அவனுக்கு எல்லோரும் உழைக்க வேண்டும் என்பது வெளியே சொல்லும் கதை. உண்மை என்னவென்றால், போகிறவன் ஜெயித்து அணிக்கு என்ன பயன்?

மிக்கெலுக்கு மலையில் அனுபவசாலி ஒருவன் துணைக்கு வேண்டும் என்றார். நான் மிக்கெலோடு நிற்பதானால், இரண்டாவது ஓய்வு நாளில் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கலாம்.

இதை எல்லாம் அவர் பிரெஞ்சில்தான் சொன்னார். ஆனால் பிரெஞ்சில் யார் எதைச் சொன்னாலும் எனக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்கும். கடைசியில் கேட்ட கேள்வியும் அப்படித்தான் கேட்டது.

"ரூபன் உனக்கு எழுத்தில ஏதும் தந்தவனே?"

தேவையில்லை என்றேன்.  சரி, மிக்கெலைப் பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதில் பொய் இல்லை. ஓட்டத்தில் சொன்னதைச் செய்வேன். அடுத்த வருடத்து விசயம் வேறு.

ஓகஸ்ட் 22, ஸ்பெயின் சுற்று முதல் நாள்

வெயில். ஒன்றும் நடக்கவில்லை. மிக்கெல் தண்ணீர் வாங்கும்போதெல்லாம் நன்றி சொல்கிறான். ரூபன் நான்கு வருடத்தில் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் இருந்ததுமில்லை.

ஓகஸ்ட் 27

முழங்கால் குத்துகிறது. மெக்கானிக் யானெஸிடம் சீட்டை எனக்கு ஏற்றபடி கொஞ்சம் உயர்த்தலாமா என்று கேட்கப் போனேன். கேட்பதற்கு முன்பே அவர், உயர்த்தி விடட்டுமா, நீ இப்போது மிக்கெலோடுதானே, மிக்கெலுக்கு உன் சைக்கிள் எப்படியும் எட்டாது என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஓட்டத்தின் நடுவில் அளவை மாற்றினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஓகஸ்ட் 31, முதல் ஓய்வு நாள்

காலையில் இரண்டு மணி நேரம் மெதுவாக ஓடினோம். யோனாஸ் வரவில்லை. எங்கள் அணியின் ஜெர்மன்காரன், நன்றாக மலை ஏறுவான், அதிகம் பேசமாட்டான். பல்வலி என்று வலென்சியாவுக்குப் போயிருந்தான். மாலையில் திரும்பியபோது முகம் தெளிவாக இருந்தது. பல் பிடுங்கினார்களா என்று கேட்டேன், சுத்தம் செய்தார்கள் என்றான். பல் வைத்தியரிடம் போகிறவன் ஏன் ஓட்டச் சப்பாத்தையும் எடுத்துப் போனான் என்று யானெஸ் என்னிடம் கேட்டார். பையில் கிடந்திருக்கும் என்றேன். யானெஸ் சிரித்தார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம்.

அக்கா செய்தி அனுப்பியிருந்தாள். அப்பா வேலை செய்யும் ஹோட்டல் சமையலறையில் சுவரில் ரூபனின் படத்தை ஒட்டியிருக்கிறார்களாம். பக்கத்தில் என்னுடையது.

செப்டம்பர் 3

முகவர் எடுத்தார். புது அணியிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். எந்தப் புது அணி என்று அவர் கேட்டார். பாதையில் சத்தமாக இருந்தது, பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

மிக்கெல் மொத்தத்தில் மூன்றாம் இடத்தில் இருக்கிறான். ரூபன் ஒன்பதாம் இடம். சாப்பாட்டின்போது ரூபன் பகிடி விட்டான்: தன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டான். தாளில் எழுதிக் காட்டினேன். இவ்வளவு வட்டமா, இதில் எது சில்லு, எது நான் என்றான். மேசை முழுதும் சிரித்தது. பழைய மாதிரி இருந்தது.

செப்டம்பர் 6

அஸ்தூரியாஸ் மலைகள். மழை, மேலே பனிப்புகார். நான்கு ஏற்றம்.

இன்றைக்கு என் வேலை ஒன்றே ஒன்று. மூன்றாவது மலைக்கும் நான்காவது மலைக்கும் இடையில் நீண்ட பள்ளத்தாக்கு, எதிர்காற்று. தனியாக விட்டால் மிக்கெல் அதில் காய்ந்துபோவான். அவனை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கடைசி மலையின் அடிவரை கொண்டுபோய் விட வேண்டும். காலையில் பேருந்தில் தெயரி வரைபடத்தைக் காட்டி இதை மூன்று பேர் முன்னால் சொன்னார். ரூபனும் கேட்டுக்கொண்டு இருந்தான்.

மூன்றாவது மலையில் யோனாஸ் பின்தங்கினான். எங்கள் அணியில் மிஞ்சியது மிக்கெல், நான், ரூபன். உச்சி நெருங்கியபோது எனக்குப் பின்னால் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. சங்கிலி சில்லுக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும் சத்தம் அது. ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. திரும்பினேன். ரூபன் ஒரு காலை ஊன்றி நின்றான். கையை உயர்த்தவில்லை. காரைத் தேடவும் இல்லை. கார் புகாருக்குள் எங்கேயோ.

காதுக்குள் தெயரி, "சேந்தன், நில்லாதை. மிக்கெலோட போ. நில்லாதை" என்றார்.

மிக்கெல் எனக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தான். நான் வருவேன் என்று நினைத்ததால் அவன் திரும்பவில்லை.

இறங்கினேன். சைக்கிளைப் பிடித்துக் கொடுத்தேன். ரூபன் என் முகத்தைப் பார்த்தான், ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பிறகு ஏறினான். முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன். சீட் அவனுக்குப் பொருத்தமாக இருந்தது. முதல் மிதியிலேயே அது தெரிந்தது.

பிறகு முறிந்த சைக்கிளோடு நின்றேன். மழையில் குடையோடு நின்ற ஒரு கிழவர் பக்கத்தில் வந்து குடையை என் பக்கமும் பிடித்தார். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவருடையது கொஞ்சம்தான். இருவரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தொலைக்காட்சி மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வந்து எங்களைப் படம் பிடித்தது. பிறகு எங்கள் கார் வந்தது. அதன் கூரையில் ஒரு சைக்கிள் என் பெயரோடு இருந்தது. தெயரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கார் வேகத்தைக் குறைக்கவில்லை. தொலைக்காட்சி மோட்டார் சைக்கிளும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அது சரிதான், முன்னால் தலைவன் தனியாக இருக்கும்போது கார் அவனிடம்தான் போக வேண்டும். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இரண்டாவது கார் வந்தபோது கிழவர் குடையை மடக்கிவிட்டார். மழை விட்டிருந்தது.

மிக்கெல் பள்ளத்தாக்கில் தனியாக மாட்டிக்கொண்டான். இப்போது ஆறாம் இடம். ரூபன் ஒன்பதாம் இடத்திலேயே நிற்கிறான். நான் கடைசிக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தேன்.

பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. மிக்கெல் எனக்கும் சேர்த்து ஒரு துவாய் எடுத்து வந்தான்.

செப்டம்பர் 7, இரண்டாவது ஓய்வு நாள்

முழங்கால் எழுத மறந்துவிட்டேன். வலிக்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். ரூபன் வந்து எதிரில் உட்கார்ந்தான். கோப்பியை நெடுநேரம் கலக்கினான்.

"நீ ஏனடா நிண்டனி?"

"உன்ர சைக்கிள் முறிஞ்சு போச்சே."

"தெயரி நில்லாதை எண்டு கத்தினது எனக்கே கேட்டது."

"எனக்கும் கேட்டது."

கரண்டியை வைத்தான். "யோனாஸ் உனக்குச் சொல்லேல்லையே?"

"என்னத்தை?"

அவன் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். புது அணி அவனுக்கு இரண்டு இடம் கொடுத்தது. ஒன்று யோனாஸுக்கு. வலென்சியாவில் புது அணியின் சைக்கிளுக்காக அவனை அளவெடுத்தார்கள். மற்றது மசாஜ் செய்பவருக்கு. அவருடைய கை இல்லாமல் ரூபனால் மூன்று வாரம் ஓட முடியாது, அது எனக்கும் தெரியும்.

"உன்ர பேரைத்தான் முதல்ல சொன்னனான். அவங்களிட்ட என்ர உயரத்தில ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான்."

"எப்ப சொன்னவங்கள்?"

"ஜூலை தொடக்கத்தில."

கடற்கரைப் பாதையில் நாங்கள் ஓடியது ஜூலை கடைசியில்.

"உனக்கு விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்" என்றான். "வேற அறை எடுத்ததே அதுக்குத்தான். ஒரே அறையில கிடந்துகொண்டு உன்ர முகத்தைப் பாக்க ஏலாது."

கோப்பி ஆறப்போகிறது என்றேன். குடித்தான். நேற்றைய சைக்கிளுக்கு நன்றி என்றான். நான்கு வருடத்தில் முதல் தடவை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குத் தெரியாது என்று இங்கே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எழுதாமல் விடுகிறேன்.

மதியம் தெயரி வந்தார். கோபமாக இல்லை. கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, நானும் ஓடிய காலத்தில் இப்படி ஒருவனுக்காக நின்றிருக்கிறேன் என்றார். பிறகு சொன்னார்:

"இண்டைக்கு உன்னட்டைக் கையெழுத்து வாங்கத்தான் இருந்தனான். ஆனா நில்லாதை எண்டு சொன்னா நில்லாத ஆள்தான் எனக்கு வேணும். நீ நல்ல ஆள். எனக்கான ஆள் இல்லை."

சரி என்றேன். மற்றக் கட்டிலில் காயப்போட்டிருந்த என் உடுப்பைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

செப்டம்பர் 10

சமவெளி, பக்கக் காற்று. நாள் முழுதும் மிக்கெலுக்கு முன்னால் ஓடினேன். சொல்லியதைச் செய்ய வேண்டும் அல்லவா. ஓட்டம் மந்தமான நேரத்தில் அவன் பக்கத்தில் வந்தான்.

"எனக்கு முறிஞ்சிருந்தாலும் நிண்டிருப்பியளே?"

"நிண்டிருப்பன். ஆனா என்ர சைக்கிளில உமக்குக் கால் எட்டாது. தொங்கிக்கொண்டுதான் போயிருப்பீர்."

சிரித்தான். அந்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது இதுதான். பிறகு அவன் கேட்க நினைத்தது அதுவல்ல என்று தோன்றியது. அதற்குள் முன்னால் வேகம் கூடிவிட்டது.

செப்டம்பர் 13, மட்ரிட்

முடிந்தது. மிக்கெல் ஐந்தாவது. ரூபன் பத்தாவது. விருந்தில் ரூபனுக்குச் சட்டமிட்ட ஒரு படம் கொடுத்தார்கள். அவன் பேச்சில் எல்லோர் பெயரையும் சொன்னான். என்னுடையதையும், சரியாக உச்சரித்து. யோனாஸ் என்னிடம் வந்து, சொல்லியிருக்க வேண்டும் என்றான். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

முகவருக்கு நானே எடுத்தேன். எல்லா அணியும் இந்த மாதத்துக்குள் நிரம்பிவிடும், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் குரல் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 16, கிரோனா

ரூபன் வழமைபோல மணி அடித்தான், பயிற்சிக்கு. இறங்கவில்லை. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காத்திருந்தான். தொலைபேசியை எடுத்தான், திரும்பப் பையில் போட்டான். நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றான்.

வீட்டுக்குப் போக விமானச்சீட்டு எடுத்தேன். இதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது.

செப்டம்பர் 19, பேர்ன்

விமான நிலையத்துக்கு அக்கா வந்தாள். காரில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் முழு வழியும் தன் மகளின் பல் கம்பியைப் பற்றிப் பேசினாள், நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பா லீவு போட்டுவிட்டுச் சமைத்திருந்தார். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். ஹோலில் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். குலசிங்கம் மாமாதான் முதலில் கேட்டார்.

"என்ன சேந்தன், புது ரீமுக்கு எப்ப போறீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கறிச்சட்டியோடு வந்தார்.

"அவன் யோசிச்சுக்கொண்டிருக்கிறான்" என்றார். "ரெண்டு மூண்டு இடத்தால கேட்டிருக்கினம். ரூபனோடதான் போகவேணும் எண்டு சட்டமே?"

என்னைப் பார்க்காமல் சொன்னார். அக்காவும் என்னைப் பார்க்கவில்லை. குலசிங்கம் மாமா தலையை ஆட்டி, அதுதானே, கெட்டிக்காரனுக்கு எங்கேயும் இடம் என்றார். அப்படியே விட்டிருக்கலாம். புட்டு சூடாக இருந்தது.

"இல்லை மாமா. ஒருத்தரும் கேக்கேல்லை. ரூபனும் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. இந்த ரீமும் விட்டிட்டுது."

 மாமா என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். அப்பா சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சட்டியில் கறி இருந்தது.

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் தண்ணீரை நிறுத்தவில்லை.

"அண்டைக்கே தெரியும்" என்றார். "ஹோட்டலில எல்லாரும் நிண்டு பார்த்தனாங்கள். உன்ர சைக்கிளை அவன் கொண்டு போயிட்டான். நீ மழையுக்க நிக்கிறாய். உங்கட கார் வந்துது, உன்னைக் கடந்து போச்சுது."

"அது முன்னுக்குப் போகவேணும் அப்பா. பிறகு ரெண்டாவது கார் வந்தது."

அவர் ஒரு கோப்பையைக் கழுவி என்னிடம் நீட்டினார்.

"அதை ரீவியில காட்டேல்லை" என்றார்.